இதர இனங்கள்

சிறுபத்திரிகைகளையும் கவிதைத் தொகுப்புகளையும் பொது நூலகங்கள் வாங்க வேண்டும் என்று சர்க்காரிடம் கேட்பது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைத் தொடர்ந்து வந்த மூன்று கடிதங்களையும் ஆசிரியர் எனக்குப் படிக்கக் கொடுத்தார். மூன்றும் ஒரே குரலில் பேசுகின்றன. அரசிடம் கை நீட்டியவன் அரசை விமர்சிக்க முடியாது. எதிர்ப்பில் பிறந்தது சிறுபத்திரிகை, சலுகையில் அது செத்துப்போகும். நம் வறுமையே நம் சுதந்திரத்துக்கு அத்தாட்சி. மூன்று கடிதங்களின் சாரம் இவ்வளவுதான்.

சமீபகாலம்வரை என் அபிப்பிராயமும் இதுவாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்ல, என் பிழைப்பு நடக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. வாரத்தில் இரண்டு நாள் நகைக் கடன் கவுண்டரில் உட்காருவேன். சில மாதங்களுக்கு முன் நண்பர் ஒருவர் வந்தார். நம்மைப் போன்ற இன்னொரு பத்திரிகையின் ஆசிரியர். கையில் மனைவியின் இரண்டரைப் பவுன் சங்கிலி. மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்து எடை எழுதினார், நான் படிவத்தை நிரப்பினேன். அதில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. விவசாயம், கல்வி, மருத்துவம், திருமணம், வியாபாரம், இதர. அந்தப் பணம் மொழிபெயர்ப்புச் சிறப்பிதழின் காகிதத்துக்கும் அச்சுக் கூலிக்கும் என்பது எனக்குத் தெரியும். பேனா அந்தக் கட்டத்தில் நின்றது. "இதரன்னு போடுங்க, வேற எதுல சேரும்?" என்றார். போட்டேன்.

சிறப்பிதழ் வந்தது. நன்றாகவே இருந்தது. அதன் முதல் பக்கத்தில், எந்த ஸ்தாபனத்தின் தயவுமின்றி வெளிவரும் பத்திரிகை இது என்று ஒரு வாசகம். அது பொய் என்று எனக்குப் பட்டது. நண்பர் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் எழுதியிருக்கிறார். தயவு செய்த ஸ்தாபனம் அவர் வீட்டுக்குள் இருந்தது, அவ்வளவுதான். தமிழில் நவீன இலக்கியத்துக்கு மான்யமே இல்லை என்கிறோம். இருக்கிறது. அதை எழுத்தாளர்களின் மனைவிமார் கொடுத்துவருகிறார்கள். நகையாக, ஒத்திப்போட்ட வைத்தியச் செலவாக, பையனுக்கு வாங்காத செருப்பாக. கொடுக்கச் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. கொடுத்ததற்கு எந்த இதழிலும் நன்றி அச்சாகவில்லை. நம் சுதந்திரத்துக்கு நாம் விலை கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில், 'நாம்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் பரிசோதிக்க வேண்டும்.

இதிலிருந்து அடுத்த கேள்வி வருகிறது. அடகு வைக்கச் சங்கிலி இல்லாதவன் என்ன செய்கிறான்? எழுதாமல் இருக்கிறான். எழுத வந்தவர்களில் எத்தனை பேர் மாதச் சம்பளக்காரர்கள் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார். பூமணி கூட்டுறவுத் துறையில். வண்ணதாசன் வங்கியில். நம் வட்டத்தில் மாதச் சம்பளம் வாங்காத கையை எண்ணிவிடலாம். இந்தச் சம்பளங்களில் பெரும் பகுதியைக் கொடுத்தது அரசும் அரசுடைமை நிறுவனங்களும்தான். ஆக, கோப்புகளுக்கு நடுவே கதை எழுத அனுமதிக்கும் ஒரு மறைமுக மான்யத்தில்தான் தமிழ் நவீனத்துவத்தின் ஒரு பெரும்பகுதி நடந்திருக்கிறது. அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டு எழுத்தையே நம்பி இருந்தார். அந்த வருஷங்களில் அவர் பட்ட சிரமம் நமக்குத் தெரியும். அவருடைய எழுத்து மேன்மையானது என்பதால் அந்தச் சிரமமும் மேன்மையானது என்று நாம் பேசப் பழகிவிட்டோம். அந்தச் சிரமத்தில் எழுதப்படாமல் போன நாவல்களை யாரும் படிக்க முடியாது. அதனால் அவற்றைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. சம்பளம் கிடைக்காத ஜாதிகளிலிருந்தும், சம்பளத்துக்குப் போகாத பெண்களிடமிருந்தும் எழுத்து ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்று இலக்கியக் கூட்டங்களில் வியக்கிறோம். வியப்பதற்கு இதில் அதிகம் இல்லை.

கலைக்கு ஏன் அரசு உதவ வேண்டும் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எனக்கு ருசிப்பதில்லை. கலை மனிதனை உயர்த்துகிறது, நாட்டுக்குப் பெருமை தேடித்தருகிறது, சுற்றுலாவை வளர்க்கிறது. முதலாவது நிரூபிக்க முடியாதது. மற்ற இரண்டும் கலையைத் தோரணமாக்குபவை. வறட்டுக் கணக்காக ஒரு காரணம் உண்டு. என் தொழிலுக்கு அது ஒத்துப்போகிறது. 1966-ல் பாமோல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதாரக்காரர்கள் நிகழ்த்துகலைகளின் செலவை ஆராய்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் ஒரு சங்கீதத்தை இருநூறு வருஷங்களுக்கு முன் வாசிக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம் வேண்டியிருந்ததோ, அதே ஆட்களும் அதே நேரமும்தான் இன்றும் வேண்டும். மற்ற தொழில்களில் இயந்திரம் வந்து ஒரு மணி நேர வேலையைச் சில நிமிஷங்களில் முடிக்கிறது, கூலி உயர்கிறது. அந்தக் கூலியோடு விலைவாசியும் உயரும்போது சங்கீதக்காரனுக்கும் அதற்கேற்பக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அவன் உற்பத்தி ஒரு அணுவும் கூடவில்லை. ஆகவே கலையின் செலவு வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகும். இது கலைஞனின் சோம்பேறித்தனமோ ரசிகனின் அலட்சியமோ அல்ல; கணக்கு.

இதை என் கிளையிலேயே பார்க்கலாம். பேரேட்டைப் புரட்டி, டோக்கன் கொடுத்து, கையெழுத்தை ஒப்பிட்டு, பணம் பட்டுவாடா செய்ய அரை நாள் ஆன காலத்தைப் பற்றி ஓய்வுபெற்ற ஹெட் காஷியர் சொல்வார். இன்று அது ஒரு நிமிஷ வேலை. என் சம்பளம் அவர் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. கூத்தாடியின் நிலை வேறு. பதினெட்டாம் போர் ஆட அவனுக்கு இன்னும் ஒரு முழு இரவு வேண்டும், பத்துப் பதினைந்து பேர் வேண்டும், விடியும்வரை மத்தளம் நிற்கக் கூடாது. அரிசியை அவன் என்னோடு அதே கடையில் அதே விலைக்கு வாங்குகிறான். கம்ப்யூட்டர் எனக்குக் கொடுத்ததை அவன் மத்தளம் அவனுக்குக் கொடுக்காது. கவிஞனுக்கும் அப்படித்தான். ஒரு கவிதைக்கு ஆகும் காலம் எழுத்தாணிக் காலத்திலிருந்து குறையவில்லை. இந்த இடைவெளியை ஊர்ப் பொதுப்பணம் நிரப்பாவிட்டால், கலைஞனின் வயிறு நிரப்பும். வேறு வழி கணக்கில் இல்லை.

சந்தையே தீர்மானிக்கட்டும், படிப்பவர்கள் இருந்தால் விற்கும் என்பவர்களுக்கு 1969-ஐ ஞாபகப்படுத்துவேன். அந்த வருஷம் ஜூலை 19-ல் 14 வங்கிகள் தேசியமயமாயின. கடன் என்பது லாபம் தெரிந்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. விவசாயியும் சிறுதொழில்காரனும் வங்கி வாசலைப் பார்த்ததில்லை. சந்தை தானாகக் கிராமத்துக்கு வராது என்று அரசு முடிவு செய்தது. பின்னால் வங்கிக் கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைகளுக்குப் போக வேண்டும் என்ற விதி வந்தது. அதில் ஊழல் இல்லையா, தள்ளுபடி அரசியல் இல்லையா? இருக்கிறது, தினமும் பார்க்கிறேன். அதனால் விவசாயிக்குக் கடன் கொடுப்பதையே நிறுத்து என்று நம் கடிதக்காரர்களில் யாரும் சொல்லமாட்டார்கள். கடன் வாங்கிய விவசாயி அரசின் அடிமையாகிவிட்டான் என்றும் சொல்லமாட்டார்கள். அந்த வாதம் கவிஞனுக்கு மட்டும்தான் வருகிறது. கவிஞனின் கற்பு விவசாயியின் கற்பைவிட மென்மையானது போலும்.

அதே 1969-ல்தான் 1960-ல் ஆரம்பிக்கப்பட்ட ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனின் பணத்தில் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி' இரண்டும் எடுக்கப்பட்டன. எந்தத் தனியார் முதலாளியும் 'உஸ்கி ரோட்டி'யின் திரைக்கதையை இரண்டு பக்கத்துக்கு மேல் படித்திருக்கமாட்டான். இவற்றுக்கும் முன்னால் 'பதேர் பாஞ்சாலி' இருக்கிறது. சத்யஜித் ராய் கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். இன்ஷூரன்ஸ் பாலிசியை வைத்தும், இசைத்தட்டுகளை விற்றும், மனைவியின் நகைகளை அடகு வைத்தும் படத்தைத் தொடங்கினார். பணம் தீர்ந்து படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. முதல்வர் பி. சி. ராயின் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்த பிறகுதான் 1955-ல் படம் வெளிவந்தது. தலைப்பில் பாதை இருந்ததால் அந்தப் பணம் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது என்பதை இன்று வேடிக்கையாகச் சொல்கிறோம். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. அந்த ரைட்டர்ஸ் பில்டிங் குமாஸ்தாவை எனக்குத் தெரியும். அவனிடமும் ஒரு கட்டம் இருந்தது, அதில் கலை என்ற சொல் இல்லை. அவன் சாலை என்று எழுதினான், நான் இதர என்று எழுதினேன்.

இந்தக் கதையில் நம் கடிதக்காரர்கள் கவனிக்க வேண்டிய பகுதி வேறு. படத்தின் முடிவைச் சற்று நம்பிக்கையூட்டுவதாக மாற்றலாமே என்று சர்க்கார் தரப்பில் யோசனை சொன்னார்கள். ராய் கேட்கவில்லை. அந்தக் குடும்பம் ஊரை விட்டு மாட்டு வண்டியில் போவதோடுதான் படம் முடிகிறது. பணமும் வந்தது, முடிவும் மாறவில்லை. அரசுக்குப் போட்ட பணத்துக்கு மேல் லாபமும் வந்தது. பணம் வாங்கியவன் வளைந்தே தீர வேண்டும் என்பது இயற்கை விதி அல்ல. வளைவதற்கு முதுகும் சம்மதிக்க வேண்டும்.

இருந்தாலும் ராயின் முதுகெலும்பை நம்பிக்கொண்டு ஒரு ஏற்பாட்டை உருவாக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கதையே அதற்குச் சான்று. படம் எடுக்கப் பணம் கொடுத்தார்கள். காட்டத் தியேட்டர் கொடுக்கவில்லை. 'உஸ்கி ரோட்டி' தியேட்டர்களுக்குப் போக வழியில்லாமல் நின்றது. 1976-ல் பொதுத்துறை நிறுவனங்களுக்கான நாடாளுமன்றக் குழு, வசூலாகும் என்ற நியாயமான வாய்ப்பில்லாத படங்களுக்கு ஏன் பணம் கொடுத்தீர்கள் என்று கேட்டது. வசூலாகும் படத்துக்குப் பணம் கொடுக்க ஒரு அரசு நிறுவனம் எதற்கு என்று அந்தக் குழுவை யாரும் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை. 1980-ல் அது தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகமாயிற்று. அந்தக் கழகம் தயாரித்ததுதான் சேதுமாதவனின் 'மறுபக்கம்', இந்திரா பார்த்தசாரதியின் கதை. 1990-ம் வருஷத்துக்கான தங்கத் தாமரையை வாங்கி, அந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் ஆனது. கோடிகள் புரண்ட கோடம்பாக்கம் அத்தனை வருஷமாகச் செய்யாததை ஒரு சர்க்கார் ஆபீஸ் செய்தது. அப்படியும் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்த ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. உற்பத்திக்குக் கொடுத்துவிட்டு, வாசகனுக்கோ பார்வையாளனுக்கோ போகும் வழிக்குக் கொடுக்காமல் விடுவது பாதி உதவி. அது பல சமயம் உபத்திரவம்.

இனி, பயத்தைப் பற்றி. நெருக்கடி நிலையின்போது கட்சி நிகழ்ச்சிக்குப் பாட மறுத்த கிஷோர் குமாரின் பாட்டுகளை 1976-ல் வானொலி நிறுத்தியது. 'கிஸ்ஸா குர்ஸி கா' படத்தின் பிரதிகள் அழிக்கப்பட்டன. நாடகக்காரி ஸ்நேகலதா ரெட்டி சிறையில் உடல் கெட்டு, வெளியே வந்த சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்தார். அரசு இதைச் செய்யக்கூடியது. இதை மறந்துவிட்டு மான்யம் கேட்பவன் முட்டாள். ஆனால் இவர்களில் யாரும் மான்யம் வாங்கியதால் தண்டிக்கப்படவில்லை. அரசு அடிக்க நினைத்தால், அதனிடம் காசு வாங்காதவனையும் அடிக்கும். விலகி நிற்பது பாதுகாப்பு என்பது நம் பிரமை. அரசின் கையில் தணிக்கையும் போலீஸும் ஏற்கெனவே இருக்கின்றன; நூலகம் மட்டும் இல்லாமல் போனால் சுதந்திரம் கூடிவிடாது. சந்தை தணிக்கை செய்வதில்லையா என்றும் கேட்க வேண்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு எத்தனை பக்கம், எந்த இடத்தில் திருப்பம் என்பதை விற்பனை இலாகா தீர்மானித்தபோது, அதைத் தணிக்கை என்று யாரும் அழைக்கவில்லை.

நம்முடைய கூச்சத்துக்கு வேறொரு வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். அவற்றில் முருகனிடம் வழிகாட்டும் ஒன்றை நீக்கினால், மற்ற நாலும் பரிசு பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லும் பாட்டுகள். எந்த வழியாகப் போ, யாரிடம் போ, என்ன கிடைக்கும். வறுமைப்பட்ட பாணனையும் கூத்தனையும் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதிய இலக்கியம் அபூர்வம். அதில் ஒரு ஒப்பந்தம் உண்டு: மன்னன் பரிசில் தருவான், பாட்டில் அவன் பெயர் நிற்கும். இரண்டாயிரம் வருஷமாக நம் மூளையில் உதவி என்றால் பரிசில், பரிசில் என்றால் புகழ்ச்சி. நம் ஆட்சியாளர்களும் அதே நினைப்பில்தான் இருக்கிறார்கள். பட்டம், பொற்கிழி, மேடை, சால்வை, புகைப்படம். கொடுப்பது மக்கள் வரிப்பணம், போஸ் கொடுப்பது மன்னன். கடிதக்காரர்கள் வெறுப்பது இந்தப் பரிசிலை என்றால், நானும் அவர்கள் பக்கம்தான். சி. சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை 'எழுத்து' நடத்தினார், புத்தகப் பையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். தன் செலவில் அச்சிட்ட 'சுதந்திர தாகம்' நாவலுக்கு 2001-ல் சாகித்ய அகாதெமி பரிசு வந்தது. அவர் இறந்தது 1998-ல். பரிசில் முறையின் லட்சணம் இதுதான். உயிரோடிருந்தவருக்குத் தேவைப்பட்டது காகிதமும் வாசகனும்.

பரிசிலுக்கு வெளியே வேறு முறைகள் உண்டு. 1946-ல் பிரிட்டனில் கலைக் கவுன்சில் அமைந்தபோது, பணம் அரசுடையது, தீர்ப்பு அரசுடையது அல்ல என்று வைத்துக்கொண்டார்கள். அதிலும் கோஷ்டிகள் உண்டு. ஆனால் மந்திரி கவிதை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. 2022-ல் அயர்லாந்து இன்னும் ஒரு படி போயிற்று. 2000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ, மூன்று வருஷங்களுக்கு. தொழில்முறைக் கலைஞர்கள்தானா என்று மட்டும் பார்த்துவிட்டு, தகுதியுள்ளவர்களுக்குள் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். யார் உயர்ந்த கவிஞன் என்று தீர்மானிக்கும் சிரமமும், தீர்மானிப்பவரைப் போய்ப் பார்க்கும் சிரமமும் ஒழிந்தன. இதை ஐரோப்பிய விசித்திரம் என்று ஒதுக்க வேண்டாம். வாரியத்துக்கு ஆள் எடுக்கத் தகுதியை நிர்ணயித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு எடுத்த முறை, பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் வெட்டப்பட்டிருக்கிறது. செல்வாக்கைக் குடத்துக்கு வெளியே நிறுத்தும் யோசனை நமக்குப் புதிதல்ல.

கவிதையே படிக்காத விவசாயக் கூலியின் வரிப்பணம் எதற்குக் கவிதைக்கு என்பது கனமான கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் 1901 முதல் அரசுப் பணத்தில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பதிவுகளைக் கூலிக்காரன் படிப்பதில்லை. அதற்காக யாரும் தொலைநோக்கியை மூடச் சொல்வதில்லை. என்றாவது அவன் பேத்தி படிக்கக்கூடும், படிக்கும்போது நூறு வருஷப் பதிவு அறுபடாமல் இருக்க வேண்டும். மொழியில் நடக்கும் பரிசோதனையும் அத்தகைய ஒரு பதிவுதான். ஆனால் இந்த வாதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: பேத்தி எட்டி எடுக்கக்கூடிய அலமாரியில் அது இருந்தாக வேண்டும். ஆகவே கலைக்கு உதவி என்பது கலைஞனுக்குச் செய்யும் தர்மம் அல்ல, வாசகனுக்குச் செய்ய வேண்டிய கடமை. முந்நூறு பிரதி அச்சிட்டு நமக்குள் சுற்றவிடும் ஒரு பத்திரிகைக்கு அந்தப் பேத்தியிடம் போகும் பாதை தெரியாது.

அந்தப் பாதை சென்னை மாகாணத்தில் 1948-லேயே போடப்பட்டது. சுதந்திர இந்தியாவில் மக்களாட்சி இயற்றிய முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது, எஸ். ஆர். ரங்கநாதன் பல வருஷங்கள் முயன்று கொண்டுவந்தது. வீட்டு வரியோடு நூலக வரி வசூலாகிறது. எந்த மன்னனின் கஜானாவும் அல்ல அது. குடிசைக்குத் தீர்வை கட்டியவனும் அதில் பங்குதாரன். அந்தப் பணத்தில் எந்தப் புத்தகம் வாங்கப்படுகிறது, யார் தேர்ந்தெடுத்தார்கள், எது ஏன் விடப்பட்டது என்று கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. நாம் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல், சலுகை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம். திரும்பிய முகத்துக்குப் பின்னால், பழக்கம் தெரிந்தவர்கள் மூட்டை மூட்டையாகப் புத்தகங்களை நூலகத்தில் இறக்கினார்கள். நம் தூய்மையால் லாபம் அடைந்தவர்கள் அவர்கள்தான்.

நான் கேட்பது இவ்வளவே. பரிசும் பட்டமும் குறையட்டும், கொள்முதல் கூடட்டும். கவிதை, விமர்சனம், மொழிபெயர்ப்பு, நாடகம் ஆகியவற்றின் முதல் பதிப்புகளிலும், குறிப்பிட்ட காலம் தொடர்ந்து வந்த சிறுபத்திரிகைகளிலும் இத்தனை பிரதி என்று வரையறுத்து வாங்கட்டும். தேர்வுக் குழுவினரின் பெயர்களும் காரணங்களும் அச்சில் வரட்டும். குழுவைக் குடவோலையில் எடுத்து வருஷத்துக்கொரு முறை மாற்றட்டும். பணத்தை நேரத்துக்குக் கொடுக்கட்டும். கூத்துக் குழுவுக்கு விழா மேடையில் பத்து நிமிஷம் கொடுப்பதை விட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு முழு இரவைக் கொடுக்கட்டும். இதற்குப் பதிலாக நாம் தர வேண்டியது எதுவும் இல்லை. நன்றியும் இல்லை. பிரதிகள் வாங்கப்பட்ட மறு இதழிலேயே அந்தத் துறையின் மந்திரியைக் கண்டித்து எழுத நம்மால் முடிகிறதா, எழுதிய பிறகும் அடுத்த வருஷம் பிரதிகள் வாங்கப்படுகின்றனவா என்பது இரு தரப்புக்கும் பரீட்சை. நாம் தேறுவோமா என்பது எனக்குச் சந்தேகம்தான். பரீட்சைக்கே போகாமல் தேறிவிட்டதாகச் சொல்லிக்கொள்வதைவிடத் தோற்பது மேல்.

நண்பரின் சங்கிலி இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, தவணை தேதிக்கு முன் நோட்டீஸ் அனுப்ப வேண்டியவன் நான்தான். இந்தக் கட்டுரையை மறுத்து எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதட்டும். எழுதும்போது, தங்கள் கடைசிப் புத்தகத்தின் அச்சுக் கூலியை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.